1860-ல் சிகாகோவில் ஒரு தெரு வரிசையையே ஜாக்கி போட்டுத் தூக்கினார்களே, நம் சந்தில் முடியுமா?

மேலமாரட்வாசி:

வணக்கம். மதுரை மேலமாரட் வீதியை ஒட்டிய சந்தில் நாலு வீடுகள் வரிசையாக, பொதுச்சுவரோடு இருக்கின்றன. 1978 வாக்கில் கட்டியவை. 9 அங்குலச் செங்கல் சுவர், சிமென்ட் கலவை, தூண் கிடையாது. கீழும் மாடியும் ஆர்.சி.சி. தளம். ஒவ்வொரு வீடும் 18-க்கு 45 அடி. ரோடு போடப் போட உயர்ந்து, இப்போது வாசல்படியைவிடத் தெரு இரண்டரை அடி மேலே இருக்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் உள்ளே வருகிறது. பாதாளச் சாக்கடை எதுக்களித்துக் கழிவறை வழியாகவும் வருகிறது.

இரண்டாவது வீட்டை மட்டும் மூன்றரை அடி தூக்கலாம் என்று ஜாக்கி வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் தயங்குகிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ ஊரில் 1860-ல் கடைகள் திறந்திருக்கும்போதே ஒரு வரிசை முழுவதையும் தூக்கினார்கள் என்று படித்தோம். அது உண்மையா, எப்படிச் செய்தார்கள்? அந்த முறையில் நமக்கு எது பொருந்தும், எது பொருந்தாது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நாலு வீட்டாரும் உட்கார்ந்து பேச வசதியாக இருக்கும்.

---

பழையவரைபடம்:

உண்மைதான். ஆனால் 1860-ஐ மட்டும் தனியாக எடுத்தால் வித்தை மாதிரித் தெரியும். 1855-லிருந்து வந்தால்தான் ஏன் முடிந்தது என்பது விளங்கும்.

சிகாகோ மிச்சிகன் ஏரிக்கரை ஊர். ஏரி மட்டத்தைவிடச் சில அடிகளே உயரமான சப்பைத் தரை, அடியில் களிமண். மழைத் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாது, கீழேயும் இறங்காது. 1849-லும் 1854-லும் காலரா வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1855-ல் சாக்கடைக்கென்றே ஒரு வாரியம் அமைத்து, பாஸ்டனில் நகரப் பொறியாளராக இருந்த எல்லிஸ் செஸ்ப்ரோவை வரவழைத்தார்கள். பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தால் அது ஊருக்குள் ஓடும் சிகாகோ ஆற்று மட்டத்துக்குக் கீழே போய்விடும், வாட்டம் (சரிவு) கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்தது. அதனால் தலைகீழாக யோசித்தார். பழைய தெருமட்டத்தை ஒட்டியே, ஆற்றுக்கு வாட்டம் இருக்கும்படி செங்கல் சாக்கடையைக் கட்டுவது, அதன் மேல் மண்ணைக் கொட்டிப் புதுத் தெருவைப் போடுவது. ஆற்றை ஆழப்படுத்தி எடுத்த மண்ணும் இதற்குப் பயன்பட்டது.

தெரு உயர்ந்ததும் கட்டடமெல்லாம் பள்ளத்தில் நின்றது. இந்த இடத்தைக் கவனியுங்கள்: எந்தத் தெரு எந்த உயரத்துக்கு வரும் என்று நகரசபை சட்டம் போட்டு முன்கூட்டியே அறிவித்தது. கட்டடத்தைத் தூக்கும் செலவு சொந்தக்காரருடையது. ஆனால் எவ்வளவு தூக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

முதல் செங்கல் கட்டடம் 1858 ஜனவரியில் ஏறியது. ராண்டால்ஃப், டியர்பார்ன் தெருக்கள் சேரும் முனையில் நாலு மாடி, 70 அடி நீளம், 750 டன். 200 திருகு ஜாக்கிகள் வைத்து 6 அடி 2 அங்குலம் தூக்கினார்கள். அந்த ஒரே வருஷத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஏறின. ஆகவே 1860-ல் வேலைக்கு வந்த ஆட்கள் இரண்டு வருஷம் கை பழகியவர்கள்.

1860 வேலை நடந்தது லேக் தெருவில், கிளார்க் தெருவுக்கும் லாசால் தெருவுக்கும் நடுவில். 320 அடி நீள வரிசை. கடைகள், அலுவலகங்கள், அச்சகங்கள். சில நாலு மாடி, சில ஐந்து மாடி. கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் பரப்பு, தொங்கு நடைபாதையோடு சேர்த்து 35,000 டன் என்று மதிப்பிட்டார்கள். பிரௌன், ஹாலிங்ஸ்வொர்த், ஜார்ஜ் புல்மன் உட்பட ஒப்பந்தக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து எடுத்தார்கள். 600 ஆட்கள், 6,000 ஜாக்கிகள், ஐந்து நாள், 4 அடி 8 அங்குலம். வியாபாரம் ஒரு நாளும் நிற்கவில்லை. கடைசி நாளில் ஜாக்கிகளுக்கு நடுவே பழைய தரையில் பொதுமக்களை நடக்க விட்டார்கள். (இந்தப் புல்மன்தான் பிறகு ரயில் தூங்கும் பெட்டிகளால் பெயர் பெற்றவர். கட்டடம் நகர்த்துவது அவருக்கு அப்பா வழித் தொழில்.)

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒரு ஜாக்கிக்கு 6 டன்னுக்குள். ஓர் ஆளுக்குப் பத்து ஜாக்கி. ஒரு நாளுக்கு 11 அங்குலம். எந்த எண்ணும் தனியாகப் பெரிதில்லை. ஒரே சைகைக்கு எல்லாரும் ஒரே அளவு திருகியதுதான் பெரிது.

அந்த வருஷம் ஊர் இருந்த இருப்பையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1850-ல் சுமார் 30,000 பேர் இருந்த ஊர், பத்தே வருஷத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதே லேக் தெருவின் மேற்குக் கோடியில் விக்வாம் என்ற மரக் கொட்டகையைக் கட்டி, மே 16 முதல் 18 வரை ரிபப்ளிகன் கட்சி மாநாட்டை நடத்தினார்கள். மூன்றாவது சுற்று வாக்கெடுப்பில் லிங்கன் வேட்பாளரானார். செப்டம்பரில் சிகாகோவிலிருந்து மில்வாக்கி திரும்பிய லேடி எல்ஜின் கப்பல் மோதி மூழ்கிச் சுமார் 300 பேர் போனார்கள். அதே மாதம் இங்கிலாந்து இளவரசர் வந்து போனார். ஊர் பாதி உயர்ந்தும் பாதி பள்ளத்திலுமாக இருந்தபோதே இத்தனையும் நடந்தது. சொந்தக்காரர்கள் வெவ்வேறு காலத்தில் தூக்கியதால் நடைபாதையில் கடைக்குக் கடை படி ஏறி இறங்க வேண்டியிருந்தது. உங்கள் நாலு வீட்டில் ஒன்று மட்டும் உயர்ந்தால் சந்துக்கும் அதே கதிதான்.

மரவீடுகளைப் பலர் தூக்கவே இல்லை. உருளை வைத்து ஊருக்கு வெளியே தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இருந்த இடத்தில் செங்கல்லில் புதிதாகக் கட்டினார்கள். எல்லாக் கட்டடமும் தூக்கத் தகுந்ததில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

---

ரசமட்டம்:

மேலே சொன்ன கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம் சார்.

ஒரு வீட்டுக்குச் சுற்றுச்சுவர் 126 அடி. உள்சுவர் 60 அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 186 அடி. இரண்டு தளமும் சேர்த்து 20 அடி உயரம், முக்கால் அடி கனம். கதவு ஜன்னலுக்கு 15 சதவீதம் கழித்தால் சுமார் 2,370 கன அடி. செங்கல் கட்டு ஒரு கன அடி 54 கிலோ வரும், ஆக 130 டன்னுக்கு ஒட்டி. நாலரை அங்குலத் தளம் இரண்டும் 43 டன். மொட்டைமாடி ஓடு, பூச்சு, சாமான் எல்லாம் சேர்த்து 25 டன். வீடு ஒன்றுக்கு 200 டன்.

நாலும் சேர்ந்தால் 800 இல்லை. பக்கச்சுவர் எட்டுக்குப் பதில் ஐந்துதான் (நடுவில் மூன்றும் பொதுச்சுவர்) என்பதால் சுவர் நீளம் சுமார் 610 அடியாகக் குறையும், எடையும் 700 டன்னுக்குள் நிற்கும். ஒன்றரை அடிக்கு ஒரு ஜாக்கி என்றால் 400 ஜாக்கி. சிகாகோ 1858 கட்டடத்தோடு ஒப்பிட்டால் எடை கிட்டத்தட்ட அதே, ஜாக்கி இரண்டு மடங்கு. ஒன்றுக்கு 2 டன்கூட வராது. ஆகவே தூக்கும் சக்தி பிரச்சினையே இல்லை.

பிரச்சினை பொதுச்சுவர். இரண்டாவது வீட்டை மட்டும் தூக்க வேண்டுமென்றால் அதன் இரு பக்கச் சுவரும் ஏற வேண்டும். அந்தச் சுவர்கள்மேல் முதல் வீட்டுத் தளமும் மூன்றாவது வீட்டுத் தளமும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அந்தத் தளங்கள் பிளக்கும். தளத்தைச் சுவரோரம் அறுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குள் புதுச்சுவர் எழுப்பித் தாங்கினால் முடியும். அந்தச் செலவுக்கு நாலையும் சேர்த்தே தூக்கிவிடலாம். ஒரு வீடு மட்டும் என்று சொல்பவரிடம் "பொதுச்சுவரை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். வரைந்து காட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வேலை போகும் வரிசை இது. முதலில் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து எல்லாச் சுவரிலும் ஒரே மட்டக்கோடு அடிக்க வேண்டும். பழைய விரிசல் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, விரிசல் குறுக்கே பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அப்பி வைக்க வேண்டும். அசைந்தால் சாந்து வெடித்துக் காட்டிக்கொடுக்கும். மின்சாரம், எர்த் கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் அத்தனையையும் துண்டிக்க வேண்டும். தெருவோடு ஒட்டிய படிக்கட்டைத் தனியாக அறுத்துவிட வேண்டும்.

பிறகு சுவரின் இரு பக்கமும் தோண்டி, பேஸ்மெண்டுக்குக் கீழே ஓரடி முதல் ஒன்றரை அடி அகலத்துக்கு ஓட்டை போட்டு, அடியில் கான்கிரீட் கட்டையோ இரும்புத் தகடோ வைத்து ஜாக்கியை நிறுத்தி, சுவரை இறுக்கிப் பிடித்த பிறகே அடுத்த ஓட்டை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. ஜாக்கிக்கும் சுவருக்கும் நடுவே இரும்புச் சேனலைத் தொடர்ச்சியாகப் பற்றவைத்து ஓட விட வேண்டும். இது இல்லாமல் ஜாக்கியை நேராகச் செங்கல்லுக்குக் கொடுத்தால் செங்கல் நொறுங்கி, சுவர் அலை அலையாக ஏறும். மூலைகளில் எடை கூடுதல் என்பதால் அங்கே ஜாக்கியை நெருக்கிப் போட வேண்டும்.

விசிலுக்கு ஆளாளுக்குக் கால் சுற்று. ஓர் அங்குலம் ஏறியதும் நிறுத்தி, எல்லா மூலையிலும் மட்டம் பார்க்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் முன்னால் போனவர் நிற்க வேண்டும், பின்தங்கியவர் மட்டும் திருக வேண்டும். ஜாக்கியின் ஏற்றம் 6 அங்குலம் என்றால் மூன்றரை அடிக்கு ஏழு ஏற்றம், நடுவே ஆறு முறை மாற்றி வைக்க வேண்டியிருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக இறக்கி, கட்டை கொடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். விபத்துக்கு அதிக வாய்ப்பு இந்த நேரத்தில்தான். உடைந்த செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பவர்களை உடனே நிறுத்துங்கள். கெட்டி மரக்கட்டையோ இரும்போதான் வேண்டும்.

ஏறிய பின் கீழே புதுச்சுவரை 1:4 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல்) கட்டி, ஜாக்கி இருக்கும் இடத்தை மட்டும் விட்டு வருவார்கள். புதுச்சுவரும் பழைய சுவரும் சேரும் கடைசி இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அங்கே சாதாரணக் கலவையைத் தண்ணியாக அடைத்தால், காயும்போது சுருங்கி, ஜாக்கியை எடுத்ததும் சுவர் உட்காரும். ஜன்னல் மூலையில் சாய்ந்த விரிசல் வருவது இதனால்தான். சுருங்காத கிரௌட் (காயும்போது சுருங்காத, இடைவெளியை நிரப்பும் கலவை) ஊற்ற வேண்டும். ஏழு நாள் கழித்து ஒன்று விட்டு ஒன்றாக ஜாக்கியை உருவ வேண்டும்.

பலர் மறப்பது இன்னொன்று: ஏறுவது சுவர்தான், தரை ஏறாது. கீழ்த்தளத்து டைல்ஸ் முழுக்கப் போய்விடும். ஒரு வீட்டுக்கு 700 சதுர அடிப் பள்ளத்தை மூன்றரை அடிக்கு நிரப்ப 24 யூனிட் மண் வேண்டும் (ஒரு யூனிட் 100 கன அடி). கெட்டிப்பட்டு இறங்குவதையும் சேர்த்தால் 30 யூனிட். ஆறு அங்குல அடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட வேண்டும். சந்துக்குள் டிப்பர் வராது, சின்ன வண்டியில் தட்டித்தான் வர வேண்டும். விலை பேசும்போது இந்த மண் உள்ளே இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள்.

---

வெளிவீதி மேஸ்திரி:

அண்ணே, எல்லாம் சரி. ஆனா முதல்ல மண்ணப் பாருங்க.

1840-கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூடித்தான் அந்தப் பக்கத்துத் தெருவெல்லாம் வந்துச்சு. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதிங்கிற பேரெல்லாம் அந்த வேலையில இருந்தவங்க பேருதான். அகழி போன இடத்துல வீடு இருந்தா கீழ இருக்கறது கொட்டுன மண்ணு. ரெண்டு வீட்டுக்கு ஒரு மாதிரி, அடுத்த ரெண்டுக்கு வேற மாதிரி இருக்கும். ஜாக்கி ஒரு ஓரமா இறங்குச்சுன்னா விசில் அடிச்சும் பிரயோசனம் இல்ல.

அதனால வீட்டுக்கு ரெண்டு எடத்துல, முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு, கடக்கால் அடி தெரியிற வரைக்கும் குழி எடுங்க. அடியில ஓட்டாஞ்சில்லு, கரி, உடைஞ்ச செங்கல் கலந்து வந்தா கொட்டுன மண்ணுன்னு அர்த்தம். கடப்பாறை சொத்துன்னு இறங்குனாலும் அதேதான். கெட்டிச் செம்மண்ணோ சுக்கான்கல்லோ தட்டுச்சுன்னா பயமில்ல. குழியில ராத்திரி தண்ணி ஊறுதான்னும் பாருங்க. மண்ணு மோசமா இருந்தா ஜாக்கிக்கு அடியில தனித்தனிக் கட்டை போதாது. சுவர் நெடுக ரெண்டடி அகலத்துக்குக் கம்பி கட்டி கான்கிரீட் பட்டை ஓட்டணும். அது காஞ்ச பிறகுதான் ஜாக்கி.

ஐப்பசி, கார்த்திகையில இந்த வேலைய எடுக்கவே கூடாது. குழியில தண்ணி நின்னா சுவருக்கு அடியில இருக்கற மண்ணு குழைஞ்சிரும். தை பிறந்து ஆரம்பிச்சு, சித்திரைக்குள்ள சுவர்க்கட்டு முடியற மாதிரி வச்சுக்கங்க.

சுண்ணாம்புக் காரையில கட்டி மரக்கட்டைத் தளம் போட்ட பழைய வீடுகளுக்கு இது ஒத்து வராது. தளம் சுவரக் கட்டிப் பிடிக்காது, அசைச்சா சுவர் விலகிரும். உங்க வீடு ஆர்.சி.சி.ங்கறதால பேசவே முடியுது.

---

மேலமாரட்வாசி:

மூவருக்கும் நன்றி. ஒரு வீடு மட்டும் என்ற பேச்சை விட்டுவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். நாலும் தூக்கிய பிறகு தெரு மறுபடி உயர்ந்தால் என்ன செய்வது? அதற்குள் இந்த மழைக்குச் சாக்கடை எதுக்களிப்பதை நிறுத்த வழி உண்டா?

---

ரசமட்டம்:

இரண்டாவதுக்கு முதலில். வீட்டிலிருந்து வெளியேறும் 110 மி.மீ. குழாயில், தெரு சேம்பருக்கு (மூடி போட்ட சாக்கடைத் தொட்டி) முன்னால், உங்கள் எல்லைக்குள் ஒரு சின்னத் தொட்டி கட்டி அதில் ஒருவழி வால்வு போடுங்கள். நாலு வீட்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். உள்ளே இருக்கும் மடக்குத் தகட்டில் துணி, முடி, எண்ணெய்ப் பிசுக்கு மாட்டினால் மூடாது. அதனால் மூடி திறந்து மாதம் ஒருமுறை கழுவும்படி தொட்டி இருக்க வேண்டும், மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடக் கூடாது. வால்வு மூடியிருக்கும்போது உங்கள் தண்ணீரும் வெளியே போகாது. பெருமழை நேரத்தில் கீழ்த்தளக் கழிவறையையும் வாஷிங் மெஷினையும் பயன்படுத்தாதீர்கள்.

மாடிக் கழிவுக் குழாயைக் கீழ்த்தளக் குழாயோடு சேர்க்காமல், முடிந்தால் வால்வுக்கு அந்தப் பக்கம் தனியாகக் கொண்டுபோய்ச் சேருங்கள். மாடிக்கு எதுக்களிக்காது.

வீட்டைத் தூக்கும்போது வாட்டத்தையும் சரிசெய்துவிடலாம். 40-க்கு 1 என்றால் 45 அடிக்குப் பதிமூன்றரை அங்குலம் இறக்கம் வேண்டும். மூன்றரை அடியில் அது தாராளமாகக் கிடைக்கும்.

---

பழையவரைபடம்:

தெரு மறுபடி உயர்வது பற்றி. சிகாகோக்காரர்கள் தைரியமாகச் செலவு செய்ததற்குக் காரணம் மட்டம் அறிவிக்கப்பட்டிருந்ததுதான். இங்கே பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்கே புதுத் தார் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு எழுதியிருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆனால் வெறும் மனு போதாது, மட்ட அளவு வேண்டும்.

சந்தில் மாறாத ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதில் வெட்டுக்குறி போடுங்கள். அதிலிருந்து ட்யூப் லெவல் பிடித்து 10 மீட்டருக்கு ஒருமுறை தெருவின் நடு, இரு ஓரம் என மூன்று அளவு எடுங்கள். நாலு வாசல்படி, ஒவ்வொரு சேம்பர் மூடி, மூடியிலிருந்து குழாய் அடி வரை உள்ள ஆழம் இவற்றையும் குறியுங்கள். நாலு வீட்டாரும் கையெழுத்திட்டு மனுவோடு கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். அடுத்த முறை ரோடு போடும்போது சுரண்டாமல் போட வந்தால், அன்றே அளந்து காட்ட அது உதவும்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். சிகாகோவில் வீடுகள் உயர்ந்தன, சாக்கடை ஓடியது. ஓடியது ஆற்றுக்குள், ஆறு சேர்ந்தது குடிதண்ணீர் எடுத்த அதே ஏரியில். அதனால் 1867-ல் ஏரிக்கடியில் இரண்டு மைல் சுரங்கம் வெட்டி, தள்ளிப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். அதுவும் போதாமல், கால்வாய் வெட்டி 1900-ல் ஆற்றையே எதிர்த்திசைக்குத் திருப்பினார்கள். உங்கள் சந்தில் வால்வு போட்டு வீட்டையும் உயர்த்திய பிறகு, அந்தத் தண்ணீர் அடுத்து எந்தச் சேம்பரில் நிற்கும், அங்கே யார் வீடு இருக்கிறது என்பதை மட்ட அளவு எடுக்கும் அன்றே பார்த்துவிடுங்கள். அந்த வீட்டுக்காரரையும் மனுவில் சேர்த்துக்கொண்டால் நல்லது.